நாற்பது நொடிக்கு வந்த காப்பிரைட் கிளைம்

2024 டிசம்பர் 27. குமரி மாவட்டத்துக் கருங்கல் ஊரில் நான் வேலை பார்க்கும் ஸ்டுடியோவைத் திறந்து, சிஸ்டத்தை ஆன் பண்ணிவிட்டு டீ வாங்கப் போகும்போது போனைப் பார்த்தால் யூடியூபிலிருந்து மெயில். சுனாமி வந்து 20 வருஷம் ஆன முந்தின நாள்தான் என் சேனலில் ஒரு வீடியோ போட்டிருந்தேன். கல்யாண ஆல்பம், கல்யாண வீடியோ எடிட்டிங்தான் எனக்குச் சோறு போடும் தொழில். நம் மாவட்டத்துக் கடலையும் வானிலையையும் பழைய கதைகளையும் பற்றிய சேனல், ராத்திரி வேலை முடிந்தபிறகு செய்வது. அந்த ஒரு வீடியோவுக்கு மூன்று மாத ராத்திரிகள் போயிருந்தன. மெயிலில் என்ன இருந்தது என்றால், வீடியோவில் 4:12 முதல் 4:52 வரை வரும் காட்சி தங்களுக்குச் சொந்தம் என்று ஒரு டிவி நிறுவனம் உரிமை கோரியிருக்கிறது, இனி இதில் வரும் விளம்பரப் பணம் அவர்களுக்குப் போகும்.

எந்த 40 நொடி தெரியுமா? சுமத்ரா பக்கம் கடலுக்கு அடியில் நம்ம நேரத்துக்குக் காலை 6.29-க்கு நிலம் அதிர்ந்ததிலிருந்து, அலை எப்படி இந்தியப் பெருங்கடல் முழுக்கப் பரவியது என்று காட்டும் அனிமேஷன். அமெரிக்க அரசின் கடல், வானிலை அமைப்பான நோவாவின் கீழ் ஹவாயில் இயங்கும் பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் தயாரித்து வெளியிட்டது. அலை நேராக வந்து இலங்கையின் கிழக்குக் கரையில் மோதும், அங்கே நின்றுவிடும் என்று நாம் நினைப்போம், ஆனால் நிற்காது. இலங்கையின் தெற்கு முனையைச் சுற்றி வளைந்து, அந்த வளைவோடு நம் கரைக்கு வரும். சுமத்ராவுக்கு முதுகு காட்டி மேற்கே பார்த்துக் கிடக்கும் குளச்சலும் கொட்டில்பாடும் ஏன் அவ்வளவு அடி வாங்கின என்று எத்தனையோ பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். வாயால் எவ்வளவு சொன்னாலும் விளங்காது, அந்த வளைவைப் பார்த்தால் ஒரு நொடியில் விளங்கிவிடும்.

எங்கள் அம்மைக்கு அதைப் போனில் போட்டுக் காட்டியபோது, ஓடிக்கொண்டிருந்த படத்தின் மேல் விரலை வைத்து, குளச்சல் எது என்று கேட்டாள். காட்டினேன். "இந்த வட்டமா மக்கா நம்ம கரைக்கு வந்தது?" என்றாள். அவளுடைய கூடப்பிறந்த அக்காள் அன்றைக்கு ஏ.வி.எம். சானல் என்ற கால்வாய்ப் பக்கம் ஓடி, அங்கேயே போனவள். 20 வருஷத்தில் அம்மை அந்த அலையின் முழு வடிவத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இந்த 40 நொடிக்குத்தான் கிளைம்.

விஷயத்தைச் சொன்னதும் அம்மை கேட்ட முதல் கேள்வி, "நீ யாருக்க சாமானத்த எடுத்த மக்கா?" என்பதுதான். அந்தக் கேள்வி எனக்குக் குத்தியது, ஏனென்றால் இந்த மாதிரி மெயில் வந்ததும் நமக்குள்ளேயே எழுவதும் அதே கேள்விதான். ஆங்கிலத்தில், சட்ட வார்த்தைகளோடு, பெரிய நிறுவனத்தின் பெயரைப் போட்டு வந்தால் நாம் ஏதோ களவு செய்துவிட்டோம் என்று மனசு தானாகவே ஒப்புக்கொள்கிறது. நானும் அதற்கு முந்தின வருஷம் அப்படித்தான் ஒப்புக்கொண்டேன்.

அது ஓகி வீடியோ. 2017 நவம்பர் 30 அன்று நம் கரையை ஒட்டிப் போன அந்தப் புயலை நாசாவின் செயற்கைக்கோள் படங்களை வைத்து விளக்கியிருந்தேன். படம் ஓடும்போது பின்னால் ஒரு பெரியவரின் குரல் வரும். தூத்தூர் பக்கத்துக்காரர், ஆழ்கடலுக்குப் போகிறவர், அன்றைக்குக் கடலில் கிடந்து உயிரோடு திரும்பியவர். அந்த வீடியோவுக்கும் இதே மாதிரி ஒரு கிளைம் வந்தது, 22 நொடிக்கு. கல்யாண சீசன், மூன்று வீட்டு வேலை கையில் கிடக்கிறது, யாரோடு மல்லுக்கட்ட என்று நினைத்து அந்தத் துண்டையே வெட்டிவிட யூடியூபே காட்டிய 'டிரிம்' என்ற வழியை அமுக்கிவிட்டேன். கிளைமும் போனது. ஆனால் டிரிம் பண்ணினால் படம் மட்டும் போகாது, அந்த இடத்தில் இருக்கும் ஒலியும் சேர்ந்தே போகும், அப்புறம் அதைத் திரும்பக் கொண்டுவரவும் முடியாது. ஒரிஜினல் ஃபைலை ஹார்ட் டிஸ்கில் இடம் இல்லை என்று ஒரு ரிசப்ஷன் வீடியோவுக்காக ஏற்கனவே அழித்திருந்தேன். பெரியவர் தூரத்தில் ஒரு வெளிச்சத்தைப் பார்த்ததைச் சொல்லும் இடம் அந்த 22 நொடிக்குள்தான் இருந்தது. பொய்யான ஒரு உரிமைக்காக உண்மையான ஒரு குரலை நானே என் கையால் வெட்டினேன், இன்றைக்கும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

அதனால் சுனாமி வீடியோவில் விடுவதில்லை என்று முடிவு பண்ணினேன்.

இந்தப் பொய்க் கிளைம் எப்படி வருகிறது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும், புரிந்தால் பாதி பயம் போய்விடும். யூடியூபில் கன்டென்ட் ஐடி என்று ஒரு அமைப்பு 2007 முதல் இருக்கிறது. பெரிய டிவிக்காரர்கள், பாட்டுக் கம்பெனிகள் தங்கள் நிகழ்ச்சிகளின் ஃபைலை அதில் கொடுத்து வைப்பார்கள். நாம் ஏற்றும் ஒவ்வொரு வீடியோவையும் இயந்திரம் அவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கும், பொருந்தினால் கிளைம் போட்டுவிடும். ஒரு டிவி தன் செய்தித் தொகுப்பு அரை மணி நேரத்தையும் அப்படியே கொடுத்திருந்தால், அதற்குள் நோவாவின் அனிமேஷன் 40 நொடி இருந்தால், இயந்திரத்துக்கு அந்த 40 நொடியும் டிவியுடையதுதான். செய்தி வாசித்தது மட்டும்தான் எங்களுடையது, இந்தத் துண்டு எல்லோருக்கும் பொது என்று அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது ஃபைலைக் கொடுத்தவர்கள். பொதுவான பகுதிகளை விலக்கிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்று யூடியூபின் விதியிலேயே இருக்கிறது. ஆனாலும் விலக்காமல் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

2012 ஆகஸ்டில் கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாயில் இறங்கியபோது, நாசா தன் சொந்த சேனலில் போட்ட வீடியோவையே ஒரு செய்தி நிறுவனத்தின் உரிமைக் கோரிக்கை சில மணி நேரம் முடக்கிப் போட்டது. எடுத்தவனுக்கே அந்தக் கதி. கிளைம் வந்தாலே நாம் தப்புச் செய்துவிட்டோம் என்று அர்த்தம் இல்லை என்பதற்கு நான் இதைத்தான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

சரி, நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன்.

முதலில் மெயிலில் உள்ள லிங்கை அமுக்கவில்லை, நேராக, சேனலை நடத்தும் பக்கமான யூடியூப் ஸ்டுடியோவுக்குள் போய்ப் பார்த்தேன் (போலி மெயிலும் வருகிறது, இதை ஒரு பழக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள்). அங்கே அது கிளைமா ஸ்ட்ரைக்கா என்று பார்த்தேன். இரண்டும் வேறு வேறு. கிளைம் என்பது அந்த ஒரு வீடியோவின் பணத்தையோ, அது எந்த நாடுகளில் தெரியும் என்பதையோ தொடும், சேனலுக்குப் பொதுவாக ஆபத்து இல்லை. ஸ்ட்ரைக் அப்படி இல்லை. யாரோ முறைப்படி புகார் கொடுத்து வீடியோவே நீக்கப்பட்டால் வருவது அது, 90 நாளுக்குள் மூன்று வந்தால் சேனலே போய்விடும். எனக்கு வந்தது கிளைம்தான். அப்புறம் எந்த நொடி முதல் எந்த நொடி வரை, யார் கோருகிறார்கள், கோருவது படத்துக்கா பாட்டுக்கா என்று பார்த்து எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன்.

டிஸ்பியூட் போடுவதில், அதாவது கிளைமை எதிர்ப்பதில், ஒரு நாள் கணக்கு இருக்கிறது, அது எனக்கு முன்பு தெரியாது. கிளைம் வந்த 5 நாளுக்குள் டிஸ்பியூட் போட்டால், கிளைம் விழுந்த முதல் நாளிலிருந்தே வரும் பணத்தை யூடியூப் யாருக்கும் கொடுக்காமல் தனியாகப் பிடித்து வைக்கும், கடைசியில் யார் பக்கம் தீர்கிறதோ அவர்களுக்குக் கொடுக்கும். 5 நாள் தாண்டினால் டிஸ்பியூட் போட்ட நாளிலிருந்துதான். எல்லோரும் பார்ப்பது முதல் ஐந்தாறு நாளில்தானே. அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

காரணம் கேட்கும் இடத்தில் நாலு வகை காட்டும்: சொந்தமாக எடுத்தது, அனுமதி வாங்கியது, விமர்சனம் போன்ற நியாயமான பயன்பாடு, பதிப்புரிமை இல்லாத பொது உரிமைப் படைப்பு. இதில் பலர் நியாயமான பயன்பாடு என்பதை அமுக்கிவிடுகிறார்கள். என் விஷயத்தில் அது தவறான பதிலாகியிருக்கும். நியாயமான பயன்பாடு என்று சொன்னால், பொருள் உன்னுடையதுதான், நான் கொஞ்சம் எடுத்துக்கொண்டேன் என்று ஒப்புக்கொண்டமாதிரி. பொருளே அவர்களுடையது இல்லை என்பதுதான் என் வாதம். அதனால் நாலாவதைத் தேர்ந்தெடுத்து, என் அக்காள் மகளை உட்காரவைத்து ஆங்கிலத்தில் ஆறு வரி எழுதினேன். அதன் சாரம் இவ்வளவுதான்: "4:12 முதல் 4:52 வரை உள்ளது பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் தயாரித்த அனிமேஷன். அமெரிக்க நடுவண் அரசின் ஊழியர்கள் அரசுப் பணியாகச் செய்த ஆக்கத்துக்கு அந்நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 105-ஆம் பிரிவுப்படி பதிப்புரிமை கிடையாது. நான் இறக்கிய இணைப்பு இது, இறக்கிய தேதி இது. உங்கள் செய்தித் தொகுப்பில் இதே காட்சி வருகிறது, ஆனால் நீங்கள் ஒளிபரப்பியதற்குப் பல வருஷம் முன்பே மையம் இதை வெளியிட்டிருக்கிறது. உங்கள் வாசிப்பாளரின் குரலோ, நீங்கள் சேர்த்த எழுத்தோ என் வீடியோவில் இல்லை." கோபமாக ஒரு சொல் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று கை துடித்தது, ஆனாலும் எழுதவில்லை.

கடைசி இரண்டு வாக்கியங்கள்தான் முக்கியம் என்று நினைக்கிறேன். அந்தக் காட்சியை நான் டிவியிலிருந்து பிடித்திருந்தால், ஓரத்தில் சேனல் சின்னமோ கீழே ஓடும் எழுத்தோ வந்திருக்கும், அந்தப் பகுதியில் அவர்களுக்கு உரிமை இருக்கலாம். மூலத்திலிருந்தே எடுத்ததால்தான் தைரியமாகப் பேச முடிந்தது. பொதுக் காட்சியாக இருந்தாலும் அடுத்தவர் வீடியோவிலிருந்து வெட்டி எடுக்காதீர்கள், முதலில் வெளியிட்டவர்கள் பக்கத்துக்கே போய் இறக்குங்கள்.

டிஸ்பியூட் போட்டால் எதிர்த் தரப்புக்கு 30 நாள் அவகாசம். பதில் சொல்லாவிட்டால் கிளைம் தானாகப் போய்விடும். எனக்கு 29-ஆம் நாள் மறுப்பு வந்தது, ஒரு காரணமும் இல்லாமல். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. அடுத்தது அப்பீல், அதில் அவர்களுக்கு 7 நாள்தான். அந்த 7 நாளில் ஒன்று அவர்கள் விட வேண்டும், இல்லையென்றால் வீடியோவையே நீக்கச் சொல்லி முறையான புகார் கொடுக்க வேண்டும், கொடுத்தால் எனக்கு ஸ்ட்ரைக். பலர் பயந்து பின்வாங்குவது இந்த இடத்தில்தான். நான் என் ஃபோல்டரைத் திறந்து இன்னொரு தடவை எல்லாவற்றையும் சரிபார்த்தேன், தப்பு ஒன்றும் தெரியவில்லை, அப்பீலை அமுக்கினேன். ஆறாவது நாள் கிளைமை விட்டுவிட்டார்கள். மன்னிப்பு, விளக்கம் எதுவும் இல்லை. பிடித்து வைத்திருந்த பணம் வந்தது, ஒரு பெரிய தொகை இல்லை. ஆனால் அம்மை விரல் வைத்த அந்தப் படம் அப்படியே இருக்கிறது.

அந்த ஃபோல்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், என்னைக் காப்பாற்றியது அதுதான். ஓகி வீடியோவில் பட்ட பிறகு, வெளியிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு துண்டுக்கும் தனி ஃபோல்டர் போடுகிறேன். அதில் இறக்கிய ஃபைல், எடிட் பண்ணாமல் அப்படியே. இறக்கிய பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், தேதியும் முகவரியும் தெரியும்படி. அந்தப் பக்கத்தில் உரிமை பற்றி என்ன எழுதியிருக்கிறதோ அதன் ஸ்கிரீன்ஷாட், ஏனென்றால் நாளைக்குப் பக்கத்தை மாற்றிவிட்டால் நம்மிடம் சான்று இருக்காது. அப்புறம் ஒரு நோட்பேட் ஃபைலில் என் வீடியோவில் எந்த நொடியில் அது வருகிறது என்ற குறிப்பு. ஒரு துண்டுக்கு அஞ்சு நிமிஷம் ஆகும். வீடியோ டிஸ்கிரிப்ஷனிலும் மூலத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிவிடுகிறேன்.

இதை எழுதுவதால் நெட்டில் கிடைப்பதெல்லாம் இலவசம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. எல்லோரும் பார்க்கக் கிடைப்பது வேறு, எல்லோருக்கும் உரிமை உள்ளது வேறு. அமெரிக்க அரசின் ஆக்கங்களுக்கு உள்ள விதி நம் நாட்டில் கிடையாது. நம் 1957 பதிப்புரிமைச் சட்டப்படி அரசின் ஆக்கத்துக்கும் 60 வருஷப் பதிப்புரிமை உண்டு, அரசுத் துறை வெளியிட்ட வீடியோவாயிற்றே என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்க முடியாது, அந்தத் துறையின் தளத்தில் உரிமை பற்றி என்ன போட்டிருக்கிறது என்று படித்துப் பார்க்க வேண்டும். நாசா பக்கத்திலும் எல்லாமே நாசாவுடையது இல்லை. ஐரோப்பிய விண்வெளி அமைப்பின் படமோ, காசு கொடுத்து வாங்கிய இசையோ இடையில் கிடக்கும். நாசாவின் சின்னத்தை நம் வீடியோவுக்கு ஒட்டிக்கொள்ளவும் கூடாது.

சுனாமி அன்று நம் கரையில் கையில் கேமராவோடு நின்ற ஆட்கள் இருந்தார்கள். குளச்சலில் ஒரு அண்ணன் எடுத்த டேப் பத்துப் பதினைந்து சேனல்களில் ஓடுகிறது, ஒருத்தர்கூட அவரிடம் கேட்டதில்லை. நான் போய்க் கேட்டபோது அவர் முதலில் நம்பவே இல்லை. "கேட்டு எடுக்க வந்த முதல் ஆள் நீதான் தம்பி" என்றார். பணம் வாங்கவில்லை, பெயர் போட்டால் போதும் என்றார். வாட்ஸ்அப்பில் 'இந்தக் காட்சியைப் பயன்படுத்த அனுமதிக்கிறேன்' என்று ஒரு வரி வாங்கி வைத்திருக்கிறேன். பொய்க் கிளைமைப் பார்த்துக் கொதிக்கிற நாம், உண்மையான உரிமைக்காரரை இப்படி விடக்கூடாது.

பாட்டு விஷயமும் இப்படித்தான். தேரூர் கவிமணி 1954-ல் காலமானார், 60 வருஷம் தாண்டிவிட்டது, அவர் பாடல்களை யாரும் பாடலாம். ஆனால் வேறொருவர் இசையமைத்துப் பாடிப் பதிவு செய்த ஒலியை எடுத்தால் அந்தப் பதிவுக்குத் தனி உரிமை உண்டு. உங்கள் வீட்டுப் பிள்ளை சொந்த ராகத்தில் பாடியதற்குக் கிளைம் வந்தால் மட்டும் விடாதீர்கள்.

இன்னொரு வகை இருக்கிறது, அது சுத்தமான மிரட்டல். மார்த்தாண்டத்தில் என் கூட்டாளி ஒருவன் மாத்தூர் தொட்டிப்பாலம், பேச்சிப்பாறை என்று சுற்றிக் காட்டும் சேனல் வைத்திருக்கிறான். எல்லாம் அவனே ட்ரோனிலும் கேமராவிலும் எடுத்தது. ஒரு நாள் அடுத்தடுத்து இரண்டு ஸ்ட்ரைக், கூடவே ஒரு மெசேஜ், பத்தாயிரம் அனுப்பினால் புகாரை வாபஸ் வாங்குகிறோம், இல்லையென்றால் மூன்றாவதும் வரும் என்று. அவன் கடன் வாங்கி அனுப்பவே கிளம்பிவிட்டான். நான்தான் தடுத்தேன். இந்த மாதிரி ஆட்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். 2019-ல் அமெரிக்காவில் நெப்ராஸ்காவைச் சேர்ந்த ஒருவர் இதே மாதிரி பொய்ப் புகார் கொடுத்துப் பணம் கேட்டதற்காக யூடியூபே அவர் மேல் வழக்குப் போட்டது, அவர் 25,000 டாலர் கொடுத்து மன்னிப்பும் கேட்டார். கூட்டாளியிடம் அந்த மெசேஜை அழிக்காமல் வைக்கச் சொன்னேன், ட்ரோன் எடுத்த மெமரி கார்டில் உள்ள மூல ஃபைல்களைத் தேதியோடு எடுத்தோம், புகார் தவறு, வீடியோவைத் திரும்பப் போடுங்கள் என்று யூடியூபுக்கு எதிர் அறிவிப்புக் கொடுத்தோம். கொடுத்தால் புகார்தாரர் 10 வேலை நாளுக்குள் நீதிமன்றத்துக்குப் போனதாகச் சான்று காட்ட வேண்டும். காட்டவில்லை, வீடியோக்கள் திரும்பி வந்தன.

ஆனால் எதிர் அறிவிப்பை விளையாட்டாகக் கொடுக்காதீர்கள். அது சட்டப்படியான உறுதிமொழி. உங்கள் உண்மைப் பெயர், வீட்டு முகவரி, போன் எல்லாம் எதிர்த் தரப்புக்குப் போகும். நாங்கள் கொடுப்பதற்கு முன் நாகர்கோவிலில் ஒரு வக்கீலிடம் காட்டித்தான் கொடுத்தோம். அவர் சொல்லித்தான், ஆதாரம் இல்லாமல் பதிப்புரிமை வழக்குப் போடுவேன் என்று மிரட்டுகிறவர்களுக்கு எதிராக நாமே நீதிமன்றம் போகலாம் என்று நம் சட்டத்திலேயே 60-ஆம் பிரிவு இருப்பது எனக்குத் தெரிந்தது. ஸ்ட்ரைக் வந்ததும் வீடியோவை அழித்துவிட்டால் சரியாகும் என்று நினைத்து அழிக்கிறவர்களும் உண்டு. அழித்தால் ஸ்ட்ரைக் போகாது.

யூடியூபே வெளியிட்ட கணக்கு ஒன்று சொல்கிறேன். 2021-ன் முதல் ஆறு மாதத்தில் மட்டும் கன்டென்ட் ஐடி வழியாக 72 கோடிக்கும் மேல் கிளைம்கள். அதில் நூற்றுக்கு ஒன்றுகூட எதிர்க்கப்படவில்லை. எதிர்க்கப்பட்டவற்றில் சுமார் 60 சதவீதம் வீடியோ போட்டவர் பக்கமே தீர்ந்தது. அந்த எதிர்க்காத கூட்டத்தில் என் ஓகி வீடியோ மாதிரி எத்தனை கிடக்கும் என்று யோசிக்கிறேன், தமிழில் எழுதிப் பேசிப் படம் பிடிக்கும், ஆங்கில மெயிலைப் பார்த்து ஒதுங்கிப்போகும் நம் ஆட்களுடையது எத்தனை என்று.

சுனாமி வீடியோ கிளைம் தீர்ந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தூத்தூருக்கு பைக்கை விட்டேன். பெரியவர் வீட்டு முற்றத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொல்லி, இன்னொரு தடவை அதே கதையைச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். ஊசியைக் கீழே வைத்தார். ஒரு மணி நேரமும் பத்து நிமிஷமும் பேசினார். அந்த ஒலி இப்போது இரண்டு ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது, ஒன்று ஸ்டுடியோவில், இன்னொன்று வீட்டில் அம்மையின் அலமாரியில். செயற்கைக்கோள் படங்களை நாசா பக்கத்திலிருந்து மறுபடி இறக்கி ஃபோல்டர் போட்டாயிற்று. ஓகி வீடியோவைப் புதிதாக வெட்டிக்கொண்டிருக்கிறேன், அந்த 22 நொடியும் அதில் இருக்கும்.